அறநிதி ஏலத்துக்கு எத்தனை ஆள் வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு அல்சூர் பக்கம் ஓர் அரங்கில், ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக உங்கள் பழைய மாணவர் சங்கம் ஏலம் நடத்தப் போகிறது. ஏறக்குறைய 150 பேர் வருவார்கள், 10 பொருள் இருக்கிறது, குழுவில் ஆறு பேர் இருக்கிறீர்கள். நன்றாக ஏலம் விடுகிற ஒருவர் கிடைத்தால் போதுமா, விலை கேட்கத் தயங்குகிறவர்களை எப்படிக் கேட்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு பேர் போதாது. என் கணக்கில் பதினாறு பேர் வேண்டும். அதில் மூன்று பேர்தான் மேடையில் இருப்பார்கள். பணம் வருவது பெரும்பாலும் மேடைக்குக் கீழே நிற்கிறவர்களால்தான். அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் தானாகத் தெளிவாகும்.

ஒரு கிரிக்கெட் மட்டை ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மனதுக்குள் 40,000 வரை போகத் தயாராக இருக்கிறார். அவருக்கு அடுத்தபடியாக ஆசைப்படுகிறவர் 18,000-த்தில் நின்றுவிட்டால் மட்டை 19,000-க்குப் போய்விடும். அதே இரண்டாமவர் 30,000 வரை கேட்டிருந்தால் 32,000 கிடைத்திருக்கும். இரண்டு தடவையும் எடுத்தவர் ஒருவரே, அவர் ஆசையும் அதேதான். நிதிக்குக் கூடுதலாக வந்த 13,000 ரூபாய் இரண்டாமவரால் வந்தது. 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் ஏலங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படையும் இதுதான்: ஏறிக்கொண்டே போகும் ஏலத்தில், எடுத்தவர் கொடுக்கும் விலை இரண்டாமவர் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஆட்களை நிறுத்தும்போது ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: கேட்டுக்கொண்டே வந்து நின்றுவிட்ட அந்த இரண்டாமவர் பக்கத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்?

மேடையில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. அவர் தொகையைச் சொல்ல வேண்டும், அடுத்த தொகையை யோசிக்க வேண்டும், 150 முகங்களைப் பார்க்க வேண்டும். அதனால்தான் கூட்டத்துக்குள் ஸ்பாட்டர்கள் வேண்டும், அதாவது யார் கேட்கிறார்கள் என்று கவனித்து மேடைக்குச் சொல்லி, தயங்குகிறவரிடம் போய்ப் பேசுகிறவர்கள். அமெரிக்காவில் மாட்டு ஏலங்களில் இவர்களை ரிங்மேன் என்பார்கள், அங்கே அது தனித் தொழில். நம்முடைய கோயில், சபை ஏலங்களிலும் இந்த வேலையை யாராவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லிக் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயையும் சேவலையும் ஏலம் விடும்போது, “அண்ணே, இன்னொரு நூறு ஏத்துங்க, வாழைத்தாரு உங்க வீட்டுக்குத்தான்” என்று பக்கத்தில் போய்ச் சொல்கிற ஒருவர் இருப்பாரே, அவர்தான். உங்கள் அரங்கில் அந்த வேலையை யார் எந்தப் பகுதியில் செய்வது என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

150 பேர் என்றால் ஏறக்குறைய 60 குடும்பம். நான்கு ஸ்பாட்டர் போதும், ஆளுக்குப் பதினைந்து குடும்பம். அரங்கை நாலாகப் பிரித்து, யாருக்கு எந்த வரிசை என்று வரைபடத்தில் குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இதில்தான் வழுக்குவார்கள். ஏலம் சூடு பிடித்ததும் அவர்களும் வேடிக்கை பார்க்க மேடைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். தன் பகுதியில் யாராவது, வாசலில் கொடுத்த எண் அட்டையைத் தூக்கினால் உடனே கையை உயர்த்தி “இங்கே!” என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் ஏலம் விடுகிறவருக்கு மட்டுமல்ல. பின் வரிசையில் இருப்பவருக்கும் ‘நிறைய பேர் கேட்கிறார்கள்’ என்ற எண்ணத்தை அது கொடுக்கும். வரிசைகளுக்கு நடுவே நடக்க இடம் விடுங்கள். பார்வையாளர் பக்கத்து விளக்குகளை அணைக்காதீர்கள். கலை நிகழ்ச்சிக்காக இருட்டாக்கிய அரங்கில் ஏலம் தொடங்கிவிட்டால், தூக்கிய கை யாருக்கும் தெரியாது.

இனி முக்கியமான நேரத்துக்கு வருகிறேன். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்று சொன்ன பிறகு, “மூணு தரம்” சொல்வதற்கு முன் உள்ள அந்த இடைவெளி. ஸ்பாட்டர்களின் வேலை பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளில்தான். கடைசியாகக் கேட்டுத் தோற்கப் போகிறவர் பக்கத்தில் போய், குனிந்து, மெதுவான குரலில், “சார், 22-ல நிக்குது, 24 சொல்லலாமா?” என்று கேட்க வேண்டும். தொகையைக் கட்டாயம் சொல்லுங்கள். பரபரப்பில் பலருக்கு இப்போது எந்தத் தொகையில் நிற்கிறது, அதைச் சொன்னது தாமா மற்றவரா என்பதே குழம்பிவிடும். தாம்தான் கடைசியாகக் கேட்டவர் என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்து, பொருள் கைவிட்டுப் போனதும் திகைத்துப் பார்ப்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஊக்கப்படுத்த வேண்டியதில்லை, விஷயத்தைச் சொன்னாலே போதும்.

இதற்கு ஒரு கை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டர் விரித்த கையை உயர்த்தினால் ‘இவர் யோசிக்கிறார், பொறுங்கள்’ என்று பொருள். மூடிய கை என்றால் ‘என் பகுதியில் முடிந்தது’. நான்கு மூடிய கைகளைப் பார்க்காமல் ஏலம் விடுகிறவர் “மூணு தரம்” சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் ஒத்திகையில் பழக்கிவிட்டாலும் கணிசமான தொகை கூடும்.

யாரை ஸ்பாட்டராகப் போடுவது? கல்லூரிப் பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருப்பார்கள், குரல் எழும்பும், ஆனால் வந்திருப்பவர்களை அவர்களுக்குத் தெரியாது. குடும்பங்களைத் தெரிந்த நாற்பது, ஐம்பது வயது ஆட்களே இந்த வேலைக்குச் சரியானவர்கள். குறிப்பாக, எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய் வருகிற அக்கா ஒருவர் எந்தச் சங்கத்திலும் இருப்பார், அவரை விட்டுவிடாதீர்கள். ஏலம் கேட்பது பல குடும்பங்களில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எடுக்கிற முடிவு. கணவர் கையைத் தூக்குவதற்கு முன் மனைவி முகத்தைப் பார்ப்பார். “என்னக்கா, அந்த நடராஜர் உங்க பூஜை ரூமுக்கு நல்லா இருக்குமே” என்று மனைவியிடம் பேசத் தெரிந்தவர், கணவரிடம் மட்டும் பேசுகிறவரைவிட அதிகம் சாதிப்பார். சங்கத் தலைவரையும் பொருளாளரையும் இந்த வேலைக்குப் போடாதீர்கள். அவர்கள் பக்கத்தில் வந்து நின்றாலே வற்புறுத்துவதுபோல ஆகிவிடும். நன்கொடையாளர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் அன்று அவர்கள் செய்ய வேண்டியது.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தலையை ஆட்டி மறுத்தால் ஒரே ஒரு முறை திரும்பக் கேட்கலாம். இரண்டாவது முறையும் மறுத்தால், சிரித்து “ரொம்ப நன்றிண்ணே” என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். ஊரார் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால் ஒருவரைச் சங்கடப்படுத்தி வாங்குகிற பணம் உங்கள் நிதிக்கு வேண்டாம். அவர் அடுத்த வருடம் வரமாட்டார், வராததற்குக் காரணமும் சொல்லமாட்டார். பெயரைச் சொல்லி மைக்கில் அழைப்பதும் அப்படித்தான். முன்பே கேட்டு ஒப்புதல் வாங்காமல் யாரையும் மேடையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று, விலையை ஏற்றிவிட நம் ஆட்களையே பொய்யாகக் கேட்க வைக்கலாமா என்று குழுவில் யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. அது ஏமாற்று, அதுவும் பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி நடக்கிற இடத்தில். சங்கத்துக்குள் அது ஒரு நாள் கசியவும் கசியும். நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் உண்மையிலேயே ஆர்வம் உள்ள இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே பேசி வையுங்கள். “உங்களுக்குப் பிடித்த விலை வரை கேளுங்கள், முதலில் மட்டும் தயங்காமல் ஆரம்பித்து வையுங்கள்” என்று சொல்லலாம். கேட்டது அவர் தலையில் விழுந்தால் அவர் பணம் கட்டுவார், அது ஒன்றே நிபந்தனை. யார் எந்தப் பொருளை விரும்புகிறார் என்ற பட்டியல் ஸ்பாட்டர்கள் கையில் இருக்கட்டும். ஒரு பொருளுக்கு ஒரே ஆள்தான் ஆர்வமாக இருக்கிறார் என்று தெரிந்தால் அதை ஏலத்தில் வைக்காதீர்கள். போட்டிக்கு இன்னொருவர் இல்லாவிட்டால் அது அடிமட்ட விலைக்குத்தான் போகும். நேராக அவரிடமே நல்ல தொகைக்கு நன்கொடையாகக் கேட்டுவிடலாம்.

சரி, ஏலம் விடுகிறவர். பெங்களூரில் நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஆனால் தொகுத்து வழங்குவது வேறு, ஏலம் விடுவது வேறு. தொகுப்பாளர் இடைவெளியைப் பேச்சால் நிரப்புவார், ஏலம் விடுகிறவரோ எண்களை விடாமல் ஓட்ட வேண்டும். பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரைப் போடலாமே என்று தோன்றும். சுவையாகப் பேசுவார், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார், கூட்டம் கைதட்டும், கேட்காது. உங்களுக்குத் தெரிந்த சபை ஏலத்திலோ அம்மன் கோயில் திருவிழா ஏலத்திலோ பல வருடம் நின்றவர் ஒருவரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் குரல் வளம் உள்ள ஓர் ஆசிரியர். தேர்வு செய்ய எளிய வழி: அவரிடம் மூன்று பொருளைக் கொடுத்து, நீங்கள் ஐந்து பேர் கேட்பவர்களாக உட்காருங்கள். கடைசியாகக் கேட்ட தொகையும் ஆளும் அவர் மனதில் நிற்கிறதா, அடுத்த தொகையைத் தயங்காமல் சொல்கிறாரா, ஒரு பொருளை நான்கு நிமிடத்துக்குள் முடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

தொகை ஏற வேண்டிய படிகளை எழுதி அவர் முன்னால் ஒட்டிவிடுங்கள். 5,000 வரை 500, 20,000 வரை 1,000, அதற்கு மேல் 2,000 அல்லது 2,500 என்று இருக்கலாம். படி சின்னதாக இருந்தால் நேரம் போகும், பெரிதாக இருந்தால் இரண்டாமவர் கழன்றுகொள்வார். பெங்களூருக் கூட்டத்தில் ஒயிட்ஃபீல்டிலிருந்து வரும் இளம் தம்பதிகள் இருப்பார்கள், கன்னடம் பேசும் மருமகளும் நண்பர்களும் இருப்பார்கள். “இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு” என்று தமிழில் சொல்லிவிட்டு உடனே “ட்வென்டி டூ ஃபைவ்” என்றும் சொல்லட்டும். திரையிலும் தொகை பெரிதாகத் தெரியட்டும்.

எதற்காக இந்தப் பணம் என்பதை அவர் நாலு பொருளுக்கு ஒரு முறையாவது சொல்ல வேண்டும். 1933-34-ல் ஹரிஜன நிதிக்காக நாடு முழுவதும் பயணம் போன காந்தி, தமக்குக் கொடுத்த வரவேற்புப் பத்திரங்களையும் அன்பளிப்புகளையும் மேடையிலேயே தாமே ஏலம் விட்டார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளுக்கு விலை கிடைத்தது தாளின் மதிப்பால் அல்ல. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோயிலில் பங்குனி உத்திர விழாவில் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்கள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போவதும் அப்படித்தான், வாங்குகிறவர்களுக்கு அது பிள்ளைவரம். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அது யார் கொடுத்தது, என்ன கதை என்று மூன்று வரி எழுதித் தொகுப்பாளரிடம் கொடுங்கள். அவர் அதை வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஏலம் விடுகிறவர் நேராகத் தொகைக்குப் போகலாம். பொருளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடக்க ஒருவர் வேண்டும். நான் சொன்ன மேடை ஆட்கள் இந்த மூவர்தான்.

எழுத்தர் இரண்டு பேர், தனித்தனியாக எழுத வேண்டும். பொருள், எண், தொகை, அவ்வளவே. ஒவ்வொரு பொருள் முடிந்ததும் இருவரும் தலையசைத்த பிறகே அடுத்தது. ஏலம் எடுத்தவரிடம் உடனே சீட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க ஓர் ஆள். வாசலில் குடும்பத்துக்கு ஓர் எண் அட்டை கொடுத்து, தொலைபேசி எண் வாங்கிக்கொள்ள மூன்று பேர். ஏலம் தொடங்கியதும் அதே மூவர் பணம் வாங்கும் மேசைக்குப் போய்விடலாம்.

அப்புறம், யாரும் நினைத்துப் பார்க்காத இரண்டு பேர்: குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பக்கத்து அறையில் வண்ணப் பென்சிலும் தாளும் கொடுத்துப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் இளம் அம்மாக்கள் முழு ஏலத்தையும் வராந்தாவில்தான் கழிப்பார்கள். அம்மா இல்லாமல் அப்பா கேட்கமாட்டார் என்று மேலே சொன்னேன் அல்லவா. கடைசியாக எல்லாவற்றையும் கவனிக்க ஒரு பொறுப்பாளர். அவர் கையில் வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது. சமையல்காரரிடம் பேசி வைப்பது அவர் பொறுப்பு. மாலை டிபன், காபி முடிந்த பிறகு ஏலம், ஏலம் முடிந்த பிறகு இரவுச் சாப்பாடு. பஃபேயைத் திறந்துவிட்டால் கூட்டம் எழுந்துவிடும், சாப்பிட்டதும் ‘அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்’ என்று கிளம்பிவிடுவார்கள். 10 பொருளுக்கு நாற்பது நிமிடம் போதும். திறந்தவெளியில் நடத்துவதாக இருந்தால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாறு பொருள் முடிந்ததும் ஏலத்தை நிறுத்திவிட்டு நேரடி நன்கொடை கேளுங்கள். பொருள் எதுவும் கிடையாது. “ஒரு பிள்ளைக்கு ஒரு வருடப் படிப்பு, 50,000. யார் யார்?” என்று மேலிருந்து தொடங்கி 25,000, 10,000, 5,000, 1,000 என்று இறங்கி வர வேண்டும். முதல் தொகைக்கு ஒருவரையாவது முன்பே பேசி வைத்திருங்கள். ஏலத்தில் பத்து வீடுதான் ஜெயிக்க முடியும், இங்கே அறுபது வீடும் பங்கெடுக்கலாம். 1,000 ரூபாய்க்கு ஒரே சமயத்தில் முப்பது அட்டை எழும்பும் என்பதால் எழுத்தர்கள் திணறுவார்கள். ஸ்பாட்டர்கள் ஒவ்வொருவரும் தம் பகுதி எண்களை உரக்க வாசித்து, தாமும் எழுதிக்கொள்ள வேண்டும். எண் பதிவாகும் வரை அட்டையை இறக்க வேண்டாம் என்று தொகுப்பாளர் சொல்லட்டும்.

பணக் கணக்கில் மூன்று விஷயம். முதலாவது, ஏலத்தில் பொருள் வாங்கிக் கொடுக்கிற தொகையும் நன்கொடையும் ஒன்றல்ல. பொருளுக்குப் பதிலாகக் கொடுத்த பணத்துக்கு, வருமான வரிச் சலுகைக்கான ரசீது (80ஜி என்று சொல்லப்படுவது) தருவதாக மேடையில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு ரசீதுப் புத்தகத்தைத் தனித்தனியாக வையுங்கள். 80ஜி பதிவு இருந்தால் நேரடி நன்கொடைக்குத் தரலாம், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. மேசையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வாட்ஸ்ஆப் வீடியோவில் கேட்க ஆசைப்படுவார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அவரிடம் நன்கொடை வாங்க முடியாது. அன்று இரவு பரபரப்பில் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்க முடியாது, முன்பே கேட்டுப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்பவர்களை ஒரே ஸ்பாட்டர் பார்த்துக்கொள்ளட்டும், அவர் பகுதியை மற்ற மூவரும் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, யூபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு, சில வங்கிகளில் அதைவிடக் குறைவு. பெரிய தொகைக்கு எடுத்தவர் மேசையில் நின்று பணம் போகாமல் தவிக்கக் கூடாது. வங்கிக் கணக்கு விவரம் அச்சிட்ட சீட்டுகளை வைத்திருங்கள், காசோலையும் வாங்கலாம்.

ஏலம் முடிந்த மறுநாள் ஸ்பாட்டர்கள் ஆளுக்கு ஐந்தாறு தொலைபேசி அழைப்பு செய்யட்டும். எடுத்தவர்களுக்கு எப்படியும் நன்றி போகும். கேட்டுத் தோற்றவர்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர்கள் 28,000 வரை கேட்டவர்கள், அந்தப் பணத்தைக் கொடுக்க மனதளவில் தயாராக இருந்தவர்கள். “நேத்து நீங்க கேட்டதாலதான் அந்தப் பொருளுக்கு நல்ல விலை கிடைச்சுது” என்று உண்மையைச் சொல்லி நன்றி கூறுங்கள், பிறகு ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவ விருப்பமா என்று கேளுங்கள்.

ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் பதினாறு பேரும் அதே அரங்கில், அதே மைக்கில் செய்ய வேண்டும். வீட்டுச் சாமான்கள் நாலைந்தைக் கொண்டுபோய் உண்மையாகவே ஏலம் விட்டுப் பாருங்கள். கை அடையாளம், எழுத்தர்களின் தலையசைப்பு, சீட்டில் கையெழுத்து எல்லாம் ஒரு முறையாவது நடந்திருக்க வேண்டும். குழுவில் ஆறு பேர்தான் என்றீர்களே, மீதிப் பத்துப் பேரை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அதில் முதலில் உறுதி செய்ய வேண்டியது நான்கு ஸ்பாட்டர்களை.